பி.ஏ. வரலாறு: ஒரு மாணவியின் ஆறு பருவமும் 648 மணி நேரமும்

தமிழ்நாட்டில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேருபவருக்கு எந்தத் தாளை எடுப்பது என்ற குழப்பம் பெரிதாக வராது. தாள்களைப் பல்கலைக்கழகம் முன்பே அடுக்கி வைத்துவிடும். விருப்பப் பாடம் என்று அச்சில் நான்கைந்து பெயர் இருக்கும். துறையில் இருக்கும் பேராசிரியர் எதை நடத்துவாரோ அதுதான் வகுப்புக்கு வரும். ஆகவே பாடத்திட்டத்தில் மாணவர் கை வைக்க இடமில்லை. அதற்கு வெளியே மிஞ்சும் நேரத்தை என்ன செய்வது என்பதுதான் அவர் போட வேண்டிய திட்டம். பாடத்திட்டம் இருக்கிறதே, தனித் திட்டம் எதற்கு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் பருவத்தில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்கும்போது அதன் விலை தெரிகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் மாணவி ஒரு மாதிரி. வரலாற்றுத் துறைகளில் ஆண்டுதோறும் பார்க்கும் நிலைமைகளை ஒருவரிடம் சேர்த்திருக்கிறோம். வயது 18. உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு கிராமம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழி, அரசுப் பள்ளி, வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரிக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பேருந்தில். பன்னிரண்டாம் வகுப்பில் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள், அதிலிருந்து தொல்லியல்மீது கண். வீட்டில் சொல்லியிருப்பது வேறு: “குரூப் டூ எழுதணும், இல்லன்னா பி.எட்.” இந்த மூன்றையும் ஒரே பட்டத்தில் எப்படித் தாங்குவது என்பதே இந்த ஆய்வின் சிக்கல்.

சேர்வதற்கு முன்

பட்டத்தின் பெயரை விண்ணப்பத்தில் எழுத்துக்கு எழுத்து படிக்க வேண்டும். “வரலாறு” என்று மட்டும் இருந்தால் கவலையில்லை. “வரலாறும் சுற்றுலாவும்” போன்ற இரட்டைப் பெயர்களுக்கு, ஆசிரியர் பணி நியமனத்தின்போது இது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று சொல்லும் அரசாணையைக் கேட்பார்கள். அந்த ஆணை இருக்கிறதா என்பதைச் சேரும்முன் துறை அலுவலகத்தில் கேட்டு, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தேர்வில் மதிப்பெண் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று பயிற்றுமொழி. இவருக்குத் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் கிடைக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்றார்கள். இவருக்குப் பள்ளி முழுக்கத் தமிழ்வழிதான். பட்டத்தை ஆங்கிலவழிக்கு மாற்றினால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமை போய்விடும். எனவே தமிழ்வழி. ஆங்கில வாசிப்பைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும், அதற்கான நேரம் கீழே வருகிறது.

தாள்களின் அடுக்கு

மொத்தம் 140 கிரெடிட், ஆறு பருவம். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், இரண்டும் நான்கு பருவம் வரை. பகுதி மூன்று மேஜரும் விருப்பப் பாடங்களும். பகுதி நான்கில் திறன் தாள்கள், சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி. ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. முதல் நான்கு பருவங்களில் அதில் பெரும்பகுதியை இரண்டு மொழிப் பாடங்களும் இரண்டு மேஜர் தாள்களும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. வினாத்தாளில் பரவலாக இருக்கும் அமைப்பு இது: இரண்டு மதிப்பெண் 10 கேள்வி, ஐந்து மதிப்பெண் 5 கேள்வி, பத்து மதிப்பெண் 3 கேள்வி.

இந்த வினாத்தாள் அமைப்பு மாணவரின் எழுத்தை உருவாக்குகிறது, கெடுக்கவும் செய்கிறது. பத்து மதிப்பெண் விடைக்கு முன்னுரை, எட்டு துணைத்தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி, முடிவுரை என்று ஒரு அச்சு உண்டு. “அக்பரின் நிர்வாகம்” கேட்டாலும் “ராஜராஜனின் நிர்வாகம்” கேட்டாலும் அதே அச்சுதான். மதிப்பெண் விழும். ஆனால் ஒரு ஆதாரத்தை வைத்து ஒரு வாதத்தை இரண்டு பக்கம் தொடர்ந்து எழுதும் பழக்கம் மூன்றாண்டிலும் ஒரு தடவைகூட வராமல் போகலாம். முதுகலையில் கேட்பது அதைத்தான்.

மொழிப் பாடங்களை அலட்சியம் செய்யக் கூடாது. மேஜரில் 70க்குக் குறையாமல் வாங்குபவருக்கு இரண்டாம் பருவ ஆங்கிலம் அரியராக நின்றால் பட்டமும் நிற்கும். தமிழ்வழி மாணவர்களுக்கு அதிகம் அரியர் விழும் இடமும் அதுதான். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும், குறைந்தால் பல பல்கலைக்கழகங்களில் அபராதம் கட்டித்தான் தேர்வு எழுத முடியும்.

நேரக் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், ஆறு நாள் சுழற்சியில் 15 வாரம். வகுப்பு, பேருந்து, வீட்டு வேலை எல்லாம் போக இந்த மாணவியால் வாரத்துக்கு 9 மணி நேரம் ஒதுக்க முடியும் என்று வைத்தோம். வார நாளில் ஒரு மணி, ஞாயிறு மூன்று மணி. மாதிரித் தேர்வுக்கும் பருவத் தேர்வுக்குமாக மூன்று வாரத்தைக் கழித்தால் 12 வாரம், 108 மணி. ஆறு பருவத்துக்கு 648.

இதில் ஆங்கில வாசிப்புக்கு 200, மூல ஆதாரங்களைப் படிக்கப் பழக 150, ப்ராஜெக்டுக்கு 120, போட்டித் தேர்வுக்கு 150. மீதி 28 மணி காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும். இரண்டு கோடை விடுமுறைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும், நடக்காது. இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் இன்டர்ன்ஷிப் வேறு வரும்.

முதல் ஆண்டு

முதல் பருவத்தில் புதிய நூல் எதுவும் வேண்டாம். 11, 12ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களை மறுபடி முழுக்கப் படிக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பி.ஏ. கைடுகளைவிடத் திருத்தமானவை, பாடநூல் கழகத் தளத்தில் இலவசம். பள்ளியில் வேறு பிரிவு எடுத்துவிட்டு வரலாற்றுக்கு வந்தவர்களுக்கு இது கட்டாயம்.

கூடவே ஒரு கலைச்சொல் நோட்டு. நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டு, வலது பக்கம் தமிழ். ஒரே சொல்லுக்குத் தமிழில் இரண்டு மூன்று வழக்கு இருந்தால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஃப்யூடலிசத்தை ஒரு நூல் நிலமானிய முறை என்கும், இன்னொன்று நிலப்பிரபுத்துவம் என்கும். இரண்டும் ஒன்றா என்ற சந்தேகத்திலேயே பல மாணவர்கள் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகிறார்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும்.

இரண்டாம் பருவத்திலிருந்து ஆங்கிலம். திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பி.ஏ. வரலாற்றுப் பாட அலகுகள் இகியான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நடை எளிது. வகுப்பில் தமிழில் நடந்து முடிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், நாளுக்கு இரண்டு பக்கம். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் மொழி மட்டும்தான் தடை. தெரியாத பாடத்தைத் தெரியாத மொழியில் தொடங்குபவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆண்டுக் கணக்கையும் முதல் ஆண்டிலேயே கைப்பழக்கம் ஆக்கிவிடலாம். கல்வெட்டிலும் ஆவணத்திலும் வரும் சக ஆண்டோடு 78, பசலி ஆண்டோடு 590, கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் கி.பி. வரும். ஆண்டு தொடங்கும் மாதம் வேறாவதால் ஓராண்டு முன்பின் ஆகும். அரசன் ஆட்சிக்கு வந்த ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டும்போது ஒன்றைக் கழிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முதலாம் பராந்தகன் 907இல் ஆட்சிக்கு வந்தான் என்றால் 907 என்பதே முதல் ஆண்டு. பன்னிரண்டாம் ஆண்டு 918–19 ஆகும், பதினான்காம் ஆண்டு 920–21.

மூன்றாம் பருவம்: இரண்டு கல்வெட்டு, ஒரு கேள்வி

மேலே சொன்ன இரண்டு ஆட்சியாண்டுகளும் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளுடையவை. 919, 921 என்று பாடநூல்கள் அச்சிடுகின்றன. குடவோலை முறை என்று பள்ளியிலேயே படித்தது. இந்த மாணவிக்கு வீட்டுக்குப் பக்கத்து ஊர். இரண்டு கல்வெட்டையும் கல்வெட்டு அறிஞர் வெங்கய்யா படித்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். அந்த அறிக்கையும் இணையத்தில் கிடைக்கும்.

பயிற்சி இது: இரண்டு கல்வெட்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். முதல் ஏற்பாட்டில் வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு, வருபவரின் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே ஆண்டில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறுகிறது. இரண்டாவதில் நிபந்தனைகள் விரிகின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் வேண்டாம். கணக்குக் காட்டாதவரும் வேண்டாம், அவருடைய நெருங்கிய உறவினரும் வேண்டாம். முப்பது குடும்பிலிருந்து (ஊரின் பகுதிகள்) ஓலை எடுத்து, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலையை மாற்ற இடம் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டியல் முடிந்ததும் மூன்று கேள்வி. இரண்டு ஆண்டுக்குள் விதியை ஏன் திருத்தினார்கள்? “கிராம மக்களாட்சி” என்று பாடநூல் சொல்கிறது. வேதம் ஓதிய நிலவுடைமையாளர்களின் சதுர்வேதிமங்கலச் சபைக்கு (பிராமணர் ஊர்ச் சபை) அந்தப் பெயர் பொருந்துமா? இரண்டு ஏற்பாடும் அரசனின் ஆணைப்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க நடந்திருக்கிறது. அப்படியானால் தன்னாட்சி எவ்வளவு, அரசு எவ்வளவு? மூன்றாவது கேள்வி மாணவியை நேராகச் சோழ அரசு பற்றிய பெரிய விவாதத்துக்குள் இறக்கிவிடும். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி பார்த்தது வலுவான மைய அதிகாரம் கொண்ட அரசு. பர்ட்டன் ஸ்டைன் அதை மறுத்து, துண்டு துண்டான அதிகாரங்களின் அரசு என்றார். நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணி, காலவாரியாகப் பிரித்து வேறொரு வழியில் போனார்கள். வரலாறு எழுதப்பட்ட விதத்தைப் படிக்கும் வரலாற்றுவரைவியல் தாள் பெரும்பாலும் ஐந்தாம் பருவத்தில்தான் வரும். இந்தப் பயிற்சி முடிந்தவருக்கு அந்தத் தாள் வெறும் பெயர்ப் பட்டியலாகத் தெரியாது.

மூன்று கேள்வியில் ஒன்றுக்கு ஆறு பக்கம், துணைத்தலைப்பே இல்லாமல் எழுத வேண்டும். 20 மணி நேர வேலை. முதல் வரைவு நன்றாக இருக்காது, பரவாயில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: கால் வேலியை இன்றைய வேலிக் கணக்கில் ஏக்கராக்கி எழுதக் கூடாது. நில அளவுகோல் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது.

நான்காம் பருவம்

இரண்டு வேலை. கிரந்த எழுத்து, நாளுக்கு அரை மணி வீதம். சோழர் கல்வெட்டுத் தமிழில் வடசொல் வரும் இடமெல்லாம் கிரந்தம் கலந்திருக்கும், அது தெரியாமல் அச்சிட்ட பாடத்தைக்கூட வாசிக்க முடியாது. இன்னொன்று, 1890இல் கல்வெட்டு அறிஞர் ஹூல்ச் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டிப் பழகுவது. முதல் மூன்று தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு, நான்கிலிருந்து மூலம் மட்டும்தான். கல்வெட்டு ஆண்டறிக்கை என்பது வேறு: அங்கே ஒவ்வொரு கல்வெட்டுக்கும் எண்ணும் ஆங்கிலச் சுருக்கமும் மட்டுமே இருக்கும். சுருக்கத்தை மூலம் என்று நினைத்து மேற்கோள் காட்டுவது ப்ராஜெக்டுகளில் சாதாரணமாகக் காணும் பிழை.

ஐந்தாம் பருவம்: தலைப்பைச் சுருக்குவது

ப்ராஜெக்ட் அறிவிப்பு வந்ததும் நடப்பது எல்லாருக்கும் தெரியும். முதல் மாதம் தலைப்புப் பேச்சிலேயே போகும். இரண்டாம் மாதம் அகமதிப்பீட்டுத் தேர்வு. மூன்றாம் மாதம் ஜெராக்ஸ் கடையில் முன்னாள் மாணவரின் ப்ராஜெக்ட் பெயர் மாறி வெளிவரும். இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்ல மாட்டோம். “சோழர் கால நீர்ப்பாசனம்” என்று தலைப்புக் கொடுத்தால் இளங்கலை மாணவர் பன்னிரண்டு வாரத்தில் நகல் எடுப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

இந்த மாணவியின் தலைப்பும் அதுதான், தொடக்கத்தில். முதல் சுருக்கம் இடத்தில்: உத்திரமேரூர் ஏரி. பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று கல்வெட்டில் வரும் ஏரி அது. இரண்டாம் சுருக்கம் கேள்வியில்: ஏரி வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கொடையா, தண்டமா, ஊர் வரியா? இப்போது தேட வேண்டியது எட்டு முதல் பன்னிரண்டு கல்வெட்டு. கைக்கு அடங்கும்.

கல்வெட்டுக்கு ஒரு அட்டை. அதில் ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு, கி.பி., கோட்டம் (அக்கால ஆட்சிப் பிரிவு), கொடுத்தவர், கொடுத்தது, அளவு, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, வெளியீட்டுத் தொகுதியும் எண்ணும். பதினோரு கட்டம். வெளியீட்டு எண்ணை அன்றே எழுதாவிட்டால் பத்தாம் வாரத்தில் அடிக்குறிப்பு போடும்போது எல்லாத் தொகுதியையும் மறுபடி புரட்ட வேண்டும். கோட்டம் என்ற கட்டத்தில் எல்லா அட்டையிலும் “காலியூர்க் கோட்டம்” என்றே வரலாம். வராத அட்டை ஒன்று கிடைத்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வார ஒதுக்கீடு: தலைப்புக்கு இரண்டு, அட்டைகளுக்கு நான்கு, கோயிலுக்கும் ஏரிக்கும் நேரில் போக ஒன்று, எழுத மூன்று, திருத்தவும் தட்டச்சுக்கும் இரண்டு. தட்டச்சுக்கு ஒரு வாரம் முழுசாக வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது கிரந்த எழுத்தெல்லாம் சிதறும். எனவே தொடக்கத்திலிருந்தே ஒருங்குறி.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் போக ஆசை வரும். ஆங்கிலேயர் கால வருவாய் ஆவணம் வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும், ஆனால் துறைத் தலைவரின் கடிதம் இல்லாமல் கிளம்பினால் ஒரு நாள் வீண். இந்தத் தலைப்புக்கு அது தேவையே இல்லை. அச்சான கல்வெட்டுத் தொகுதிகள் போதும், இல்லாததைத் தமிழிணைய மின்னூலகத்தில் தேடலாம். ஆவணக்காப்பகப் படம் ஒன்று ப்ராஜெக்டின் முதல் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதற்காகச் சென்னை போக வேண்டாம்.

போட்டித் தேர்வும் முதுகலையும்

குரூப் நான்கின் பெரும்பாலான பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், 18 வயது போதும். எனவே இரண்டாம் ஆண்டிலேயே ஒரு முறை எழுதிப் பார்க்கலாம். மொத்தம் 200 கேள்வி, அதில் 100 தமிழ். மீதியில் வரலாறு வரும் பகுதிக்கு மேஜர் பாடமே பாதி உதவும், திறனறிவு 25 கேள்விக்குத் தனிப் பயிற்சி வேண்டும். திட்டத்தின் 150 மணி நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கணக்குக்கும் நடப்பு நிகழ்வுக்கும். குரூப் இரண்டு பட்டம் முடிந்த பிறகு. முதல் பருவத்திலேயே கோச்சிங் சென்டரில் பணம் கட்டுபவர்கள் கல்லூரி வருகைப்பதிவில் அடி வாங்குகிறார்கள், இரண்டாம் பருவ ஆங்கிலத்தில் மறுபடி.

தொல்லியல் ஆசைக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பி.ஏ. முடித்ததும் நேரே போக வழியில்லை. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் கல்வெட்டு, தொல்லியல் பட்டயத்துக்கும், கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயத்துக்கும் முதுகலை வேண்டும். முதுகலையை மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்க க்யூட் பிஜி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வரலாற்று வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். 200 மணி நேர ஆங்கில வாசிப்பு இதற்காகத்தான். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் இதே நிலை. க்யூட் தேர்வு மார்ச்சில் வரும், ஆறாம் பருவத் தேர்வு ஏப்ரலில். ஐந்தாம் பருவத்தில் ப்ராஜெக்டை முடித்திருந்தால்தான் மார்ச் மாதம் தாங்கும்.

பி.எட். பற்றிச் சுருக்கமாக: இரண்டு ஆண்டு, பிறகு தகுதித் தேர்வு. முதுகலை முடித்துச் சேர்ந்தாலும் கெடாது, முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும் வேண்டியிருப்பதால் அது வீணாகாது. வீட்டில் இதை எடுத்துச் சொல்வது மாணவியின் வேலை. துறை செய்யக்கூடியது, பெற்றோர் கூட்டத்தில் இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது.

செலவுக்கு: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைக்காத கணக்கைக் கொடுத்துவிட்டு ஒரு பருவம் முழுக்க நோடல் அலுவலரைச் சுற்றி வருபவர்கள் உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

வெளியேறும்போது

ஏப்ரல் தேர்வு முடிந்த அன்று வகுப்பே ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்கு முன் வாங்க வேண்டியவை: தமிழ்வழிச் சான்றிதழ், பள்ளிகளிலிருந்து தனித்தனியாகவும் கல்லூரியிலிருந்து ஒன்றும். தொடக்கப்பள்ளி இணைக்கப்பட்டோ மூடப்பட்டோ இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தேட வேண்டிவரும், அதனால் பள்ளிச் சான்றிதழ்களை இரண்டாம் ஆண்டிலேயே வாங்கிவிட வேண்டும். பிறகு மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், இன்டர்ன்ஷிப் சான்றிதழின் நகல். ப்ராஜெக்டை மூன்று பிரதி பைண்டு செய்ய வேண்டும்: துறைக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. துறைக்குப் போகும் பிரதி அலமாரிக்குள் போய்விடும், முதுகலை நேர்காணலில் மேசைமேல் வைக்கக் கையில் ஒன்று வேண்டும். கல்வெட்டு அட்டைகளையும் தூக்கிப் போடக் கூடாது. உத்திரமேரூர் ஏரிக்குப் பன்னிரண்டு அட்டை என்றால், முதுகலை ஆய்வுக்குப் பக்கத்து ஊர் ஏரிகளிலிருந்து பதின்மூன்றாவது அட்டை தொடங்கும்.